போர்டில் எழுதாத கணக்கு

எங்கள் மண்ணூரில் கம்பெனி உண்டு, கடல் கிடையாது. டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கடலாமையோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

டிரெய்னிங் போன இடத்தில் ஷிப்ட் முடிந்ததும் போர்டில் 'இன்றைய உற்பத்தி' என்று பெரிசாக எழுதுவார்கள். ரிஜெக்ஷன் எத்தனை என்பது மூலையில் இருக்கும் சிவப்புப் பெட்டிக்குத்தான் தெரியும்!

சென்னைக் கடற்கரையின் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கும் இதே போர்டுதான். 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரியில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிக்க வைக்கிறார்கள். வனத்துறையும் செய்கிறது. நல்ல வேலை, நானும் ஒரு ராத்திரி நடந்திருக்கிறேன். (கால் வலி நாலு நாள் போகலை!) ஆனால் வருஷா வருஷம் பேப்பரில் பெரிசாக வருவது 'இத்தனை குஞ்சுகள் கடலில் விடப்பட்டன' என்பதுதான். 2025 ஜனவரியில் அந்தக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் மாட்டினால் ஆமை மூச்சு விட மேலே வர முடியாது.

கணக்குப் போடுவோம். ஒரு குழியில் சுமார் 100 முட்டை. ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்பார்கள். அதில் பாதி பெண் என்று வைத்தாலும், செத்த ஒரு தாய்க்கு ஈடு 2000 முட்டை, அதாவது 20 குழி! அதுவும் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து. 1987-லேயே அமெரிக்காவில் கிரவுஸ் என்பவரும் கூட்டாளிகளும் வேறொரு கடலாமை இனத்துக்கு இப்படிக் கணக்குப் போட்டு, முட்டை மொத்தத்தையும் காப்பாற்றினாலும் போதாது, ஓரளவு வளர்ந்த பெரிய இளம் ஆமைகள் சாவது முக்கியமாகக் குறையணும் என்று காட்டினார்கள்.

உயிரோடு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? துடுப்பில் எண் வில்லை மாட்டி விடுவார்கள். 2021-ல் ஒடிசாவில் 03233 என்று மாட்டிய ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகரில் முட்டையிட வந்தது. நாலு வருஷம் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி! கண்ணில் படாததெல்லாம் செத்ததாகாது. ஆப்சென்ட் ஆனவனெல்லாம் படிப்பை விட்டவனா? அதனால்தான் பல வருஷம் விடாமல் பார்க்கணும்.

செத்த ஆமைகளின் எண்ணிக்கையையும் குஞ்சுக் கணக்குக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்பதே என் கோரிக்கை. வலையில் ஆமை தப்பிக்கும் கம்பிச் சட்டம் ஒன்றைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. மீனும் தப்பிவிடுமே என்று மீனவர்கள் தயங்குவதிலும் நியாயம் உண்டு. அந்தக் குறையைத் தீர்ப்பது நம்ம ஒர்க்ஷாப் வேலை.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். "ஆமையை எண்ணவாடா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, அதுக்குக் கம்பி வெல்டிங் பண்ண."