ராபன் தீவின் உணவுப் பட்டியலும் நம் ஊர் இரட்டைச் சுடுகாடுகளும்

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஓர் உணவுப் பட்டியல் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மண்டேலா அடைபட்டிருந்த அறையைப் படம் பிடிக்க முண்டியடிக்கும் பயணிகள் அதை ஒரு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு அந்த அறையைவிட இந்தப் பட்டியல்தான் முக்கியமான ஆவணம்.

அதில் இரண்டு பிரிவுகள் உள்ளன. 'பி' என்பது கலப்பினத்தவருக்கும் ஆசியருக்கும். 'சி' என்பது 'பாண்டு' என்று அரசு பெயரிட்ட ஆப்பிரிக்கருக்கு. இறைச்சி பி பிரிவுக்கு 6 அவுன்ஸ், சி பிரிவுக்கு 5 அவுன்ஸ். கொழுப்பு அவர்களுக்கு 1 அவுன்ஸ், இவர்களுக்கு அரை அவுன்ஸ். ஜாம் அல்லது பாகு அவர்களுக்கு 1 அவுன்ஸ், இவர்களுக்கு இல்லவே இல்லை. வெள்ளையருக்கான பிரிவு அந்தப் பட்டியலில் கிடையாது. வெள்ளை அரசியல் கைதிகளை இந்தத் தீவுக்கு அனுப்பவே இல்லை. 1964இல் ரிவோனியா வழக்கில் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்ற டெனிஸ் கோல்ட்பர்க் வெள்ளையர் என்பதால் பிரிட்டோரியா சிறைக்குப் போனார். மற்றவர்கள் தீவுக்கு வந்தார்கள். தீவில் வெள்ளையராக இருந்தவர்கள் காவலர்கள் மட்டுமே.

ஆக, தட்டில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு, ஒடுக்கப்பட்டவர்களுக்கு நடுவில் மட்டும் போடப்பட்ட கணக்கு.

அண்ணன் கேப்டவுனில் வேலை பார்க்கிறான். ஆய்வுப் பணியாக நான் அங்கே போனபோது அம்மாவையும் கூட்டிப்போனேன். அண்ணன், அண்ணி, அவர்களுடைய எட்டு வயது மகள், அம்மா, நான் என ஐந்து பேரும் ஒருநாள் தீவுக்குக் கிளம்பினோம். துறைமுகத்தில் மண்டேலா பெயரிலுள்ள நுழைவாயிலிலிருந்து படகு புறப்படுகிறது. முக்கால் மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடுகிறது. காற்று பலமாக அடித்தால் அன்றைக்குப் படகு கிடையாது. இறங்கியதும் பேருந்தில் தீவைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கைதிகள் கல்லுடைத்த சுண்ணாம்புக் குழி, தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து ஒதுக்கிய காலத்துக் கல்லறைகள், ராபர்ட் சொபுக்வேயை 1963 முதல் ஆறு ஆண்டுகள் தனியே அடைத்து வைத்த வீடு எல்லாம் வழியில் வருகின்றன. டச்சுக்காரர்கள் நாடுகடத்திக் கொண்டுவந்த 'மதுரா இளவரசர்' ஒருவருக்கு அங்கே ஒரு நினைவிடம் உண்டு. அம்மா "நம்ம மதுரையா?" என்று எழுந்தே விட்டார். அது இந்தோனேசியாவின் மதுரா தீவு. பிறகு சிறைக்குள் போனோம். அங்கே சுற்றிக்காட்டுபவர்கள் முன்னாள் அரசியல் கைதிகள்.

என் அம்மா நெல்லை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 22 ஆண்டுகள் சத்துணவுச் சமையலராக இருந்தவர். ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்பது அவருக்கு மனப்பாடம். எனவே பட்டியலின் முன்னால் நெடுநேரம் நின்றது அவர்தான்.

"ஒரு அவுன்ஸுன்னா எவ்வளவு?" என்றார். சுமார் 28 கிராம் என்றேன்.

"ஏட்டி, அத மிச்சம் பிடிச்சு அவனுக்கு என்ன லாபம்? ரெண்டு பேருக்கும் தனித்தனியா நிறுக்கணும், தனித்தனியா எடுத்து வைக்கணும், ஆள் பாத்து ஊத்தணும். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலைல்லா கூடுது."

இந்தக் கேள்வியை நான் படித்த நூல்களில் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. பாகுபாட்டை நாம் பெரும்பாலும் சுரண்டலாக மட்டும் பார்க்கிறோம். மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கிறான், அதனால் அவனுக்கு ஆதாயம் என்று விளக்கம் சொல்கிறோம். இங்கே பிடுங்கியது 28 கிராம் இறைச்சி. அதைப் பிடுங்க ஆன செலவோ அதைவிட அதிகம். அரசு அந்தச் செலவை மனமுவந்து செய்தது. ஏன்? பி பிரிவுக் கைதிக்கு, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பதை மூன்று வேளையும் நினைவூட்ட வேண்டும். அதற்கான செலவு அது.

நம் ஊராட்சிகளின் வரவு செலவைப் பாருங்கள். ஒரே கிராமத்துக்கு இரண்டு சுடுகாடு, இரண்டு சுடுகாட்டுப் பாதை, இரண்டு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எந்தத் தொட்டியில் மலம் கலந்தார்கள்? தலித் மக்களின் குடியிருப்புக்கென்று தனியாகக் கட்டப்பட்ட தொட்டியில். தனித் தொட்டி கட்டியபோதே குற்றவாளிக்கு அடையாளம் காட்டிக் கொடுத்தாகிவிட்டது. இதற்கெல்லாம் பொதுப்பணம்தான் செலவாகிறது. நிதி இல்லை என்று பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டாத ஊரிலும் இரண்டாவது சுடுகாட்டுக்கு நிதி கிடைக்கிறது.

சாதி என்பது வெறும் ஏற்றத்தாழ்வு அன்று, படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார் அண்ணல் அம்பேத்கர். உச்சியில் இருப்பவனுக்கு எதிராக எல்லோரும் ஒன்றுசேர முடியாமல் போவதற்கு அவர் சொன்ன காரணம், ஒவ்வொருவருக்கும் இழப்பதற்கு ஒரு படி இருக்கிறது என்பதே. அந்தப் படியின் உயரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், 28 கிராம் என்று இனிமேல் சொல்லலாம்.

உடையிலும் இதே கணக்குதான். ரிவோனியா வழக்கில் தண்டனை பெற்று இந்தத் தீவுக்கு வந்தவர்களில் ஒரே இந்தியர் அகமது கத்ரதா. அப்போது வயது 34, அந்தக் குழுவில் இளையவர். அவருக்கு முழுக்கால் சட்டை கொடுத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய வால்டர் சிசுலுவுக்கும் கோவன் எம்பெகிக்கும் அரைக்கால் சட்டை. ஆப்பிரிக்க ஆண் எந்த வயதிலும் 'பையன்' என்பது வெள்ளையரின் கணக்கு. எழுபது வயது தலித் முதியவரை ஆதிக்கச் சாதி வீட்டுப் பத்து வயதுப் பையன் 'வாடா, போடா' என்று கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கத்ரதா என்ன செய்தார் என்பதுதான் நாம் பேச வேண்டியது. கூடுதலாகக் கிடைத்ததை மறுத்துவிடத்தான் அவர் நினைத்தார். தோழர்கள் தடுத்தார்கள். கிடைத்த உரிமையை விட்டுக்கொடுக்காதே, அதை எல்லோருக்கும் வாங்கப் போராடுவோம் என்பது அவர்களின் முடிவு. அவர் தன் ரொட்டியைப் பகிர்ந்துகொண்டார். எல்லா இனக் கைதிகளும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள், உண்ணாமல் இருந்தார்கள். உணவில் இனப் பாகுபாடு ஒழிய 1979 ஆகிவிட்டது. அந்த ஒரு அவுன்ஸுக்குப் பதினைந்து ஆண்டுகள்.

தென்னாப்பிரிக்க இந்தியர்கள் எல்லோரும் கத்ரதா அல்லர். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கியவர்களின் வாரிசுகளுக்கும், பின்னால் போன வணிகர்களுக்கும் நடுப்படி ஒன்று எப்போதும் காத்திருந்தது. டர்பன் அஞ்சலகத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு ஒரு வாசல் என்றிருந்தபோது, ஆப்பிரிக்கரோடு ஒரே வாசலில் நுழைவதை இழிவாகக் கருதி இந்தியருக்கு மூன்றாவது வாசல் கேட்டவர் காந்தி. 1908இல் சிறையில் ஆப்பிரிக்கக் கைதிகளோடு தங்களைச் சேர்த்து வைத்ததையும் அவர்களுக்குரிய உணவைத் தந்ததையும் எதிர்த்து எழுதினார். பி பிரிவு பட்டியலில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே மனதில் ஏறியிருந்தது.

ஆனால் அதே மண்ணில் வேறொன்றும் நடந்தது. காந்தியோடு சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு பத்து ஆண்டுகள் ராபன் தீவில் கிடந்தார். டர்பன் தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் இருபது ஆண்டுகள். 1984இல் வெள்ளை அரசு, கலப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் நாடாளுமன்றத்தில் தனித்தனி அவை தருவதாகச் சொல்லித் தேர்தல் நடத்தியது. பெரும்பான்மை ஆப்பிரிக்கருக்கு ஒன்றும் இல்லை. பதிவு செய்திருந்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் வாக்களித்தார்கள். மற்றவர்கள் அந்த நாற்காலியை வேண்டாம் என்றார்கள். தமிழ்நாட்டில் இடைநிலைச் சாதித் தோழர்களோடு பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேர்தல் நினைவுக்கு வருகிறது. 'நாங்களும் சூத்திரர்கள்தானே, நாங்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே' என்கிறார்கள். உண்மைதான். கத்ரதாவும் கைதிதான். கையில் கூடுதலாக இருந்த ரொட்டியை அவர் என்ன செய்தார் என்பதில்தான் வேறுபாடு.

சிறைக்குள் அண்ணன் மகள் பட்டியலைப் பார்த்து, "நாம எந்த லைன்?" என்று கேட்டாள். "பி," என்றான் அண்ணன். "பின்னா நல்லதா?" என்றாள். அவனிடம் பதில் இல்லை. அந்தத் தீவில் நாங்கள் பி. எங்கள் ஊரில் நாங்கள் சி. அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில், அவர் சமைத்த நாள் முதல் ஊர்த் தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார்கள். ஏழு மாதத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளியில் தலித் சமையலர் ஒருவருக்கு இதே நடந்தபோது செய்தித்தாள்களில் வந்தது. எங்கள் அம்மாவின் காலத்தில் அது செய்தியே இல்லை.

திரும்பும் படகில் எங்களுக்கு எதிரே ஒரு தமிழ்க் குடும்பம். படித்தவர்கள், பண்பானவர்கள். மண்டேலாவின் அறையைப் பார்த்துக் கண்கலங்கியதாகச் சொன்னார் அந்தக் குடும்பத் தலைவர். தோல் நிறத்தை வைத்து மனிதனை இப்படி நடத்துவார்களா என்று வருந்தினார். வருத்தம் நடிப்பில்லை. ஐந்து நிமிடம் கழித்து, "அம்மா, உங்களுக்கு எந்த ஊர்?" என்றார். அம்மா சொன்னார். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அம்மா தெருவைச் சொன்னார், மறைக்காமல். "ஓ, சரி சரி" என்றவர் சற்று நேரத்தில் மலையைப் படம் எடுக்க மேல்தளத்துக்குப் போய்விட்டார். பத்து கிலோமீட்டர் கடலைக் கடப்பதற்குள் அவர் பட்டியலைச் சரிபார்த்து முடித்திருந்தார்.

இதைத் தனிமனித மனக்கோணல் என்று விட்டுவிடலாம்தான். அரசு விடவில்லையே! நமது சிறைகளுக்கும் பட்டியல் இருந்தது. தன்னைவிடத் தாழ்ந்தவர் சமைத்ததை உண்ண முடியாத உயர்சாதிக் கைதி இருந்தால் அவரையே சமையலராக்கலாம் என்றது மேற்கு வங்கச் சிறை விதி. துப்புரவுக்கு இன்னின்ன சாதியார் என்று பெயர் சொல்லியே எழுதிவைத்திருந்தது. இழிவான வேலை செய்து பழகிய சமூகத்தவரைத் தவிர மற்ற வெறுங்காவல் கைதிகளுக்கு அந்த வேலையைத் தரக்கூடாது என்றது உத்தரப் பிரதேச விதி. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் இவற்றைச் செல்லாது என்றது.

தமிழ்நாடும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததற்கு, மோதலைத் தவிர்க்க என்று காரணம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் முன்பு அதை ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்குச் சாதிப் பிரிவினை வழியாகாது என்றது. சேர்த்து வைத்தால் அடித்துக்கொள்வார்கள், அதனால் பிரித்து வைக்கிறோம் என்பது இனஒதுக்கல் அரசும் சொன்ன அதே நியாயம்தான். சமூகநீதி மண் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் சிறைத்துறை அந்த நியாயத்தை எந்தக் கூச்சமும் இல்லாமல் நீதிமன்றத்தில் சொன்னது.

சிறைப் பதிவேடுகளிலுள்ள சாதிப் பத்தியை நீக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு பாளையங்கோட்டையில் எந்தத் தொகுதியில் யார் யாரை எந்த அடிப்படையில் அடைத்திருக்கிறது, சமையலுக்கும் கழிவறைக்கும் யாரை அனுப்புகிறது என்ற விவரத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வெளியாட்கள் போய்ப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். முதல் குழுவில் நிறுக்கத் தெரிந்த ஒரு சத்துணவுச் சமையலரைச் சேர்த்துக்கொள்ளட்டும்.