விளையாட்டை இழந்த உதைபந்தாட்டம்

மன்னார்த் தீவின் கடற்றொழிற் கிராமமாகிய பள்ளிமுனையை அறிந்தோர் அங்குள்ள முதுபெரும் பெருக்க மரத்தையும் புனித லூசியா ஆலயத்தையும் நினைவுகூர்வர்; அவற்றோடு உதைபந்தாட்டத்தையும் நினைவுகூராதிரார். இத்தகைய ஊர்களில் ஆட்டத்தின் முதல் ஆசான் கடற்கரை மணலே. மணலில் பந்து எளிதில் உருளாது. தள்ளிவிட்டு ஓடுபவன் அதனை இழப்பான். பாதத்தோடு ஒட்டி, மெல்லத் தட்டி, திசைமாற்றிச் செல்பவனே எதிராளியைக் கடப்பான். பந்தை வெட்டிக் கொண்டுசெல்லும் வித்தையை எவரும் அங்கு போதித்ததில்லை. சிறுவர் விளையாடினர், கற்றனர்.

இன்று எமது பாடசாலைகள் பலவற்றில் நடப்பது என்ன? எட்டு வயதுப் பாலர் இருபதுபேர் வரிசையில் நிற்கின்றனர். ஒரேயொரு பந்து. கூம்புகளைச் சுற்றிப் பந்தைக் கொண்டுசென்று திரும்ப ஒருவருக்குப் பதினைந்து விநாடி. அடுத்த முறை வாய்ப்புக் கிட்ட ஐந்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். நாற்பது நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளையின் காலில் பந்து இருக்கும் நேரம் இரண்டே நிமிடம்! எஞ்சிய முப்பத்தெட்டு நிமிடமும் அப்பிள்ளை கற்பது வரிசையில் நிற்கும் கலையையன்றி வேறெதனை? கூம்போ அசைவதில்லை, காலை நீட்டுவதில்லை, ஏமாறுவதுமில்லை. ஏமாற்ற வேண்டிய எதிராளி இல்லாதவிடத்து ஏமாற்றும் கலை எங்ஙனம் பிறக்கும்?

இதனினும் கொடியது, பாலரைப் பதினொருவர் அணியாக்கி வளர்ந்தோர் மைதானத்தில் இறக்கி, கிண்ணத்துக்காக ஆடவைப்பது. அங்கே உயர்ந்த உடலும் வலிய காலும் உடைய இருவர் ஆடுவர், ஏனையோர் பார்வையாளர். மெலிந்த பையனும், ஆட்ட ஆசையோடு வந்த சிறுமியும் பந்தைத் தொடாமலே வீடு திரும்புவர். சில மாதங்களில் அவர்கள் மைதானத்தை விட்டே நீங்குவர். அவர்களுக்குத் திறமையில்லை என்று நாம் தீர்ப்பளிக்கின்றோம். பந்தையே கொடாது திறமையை அளந்த அநீதியை எவரும் வினவுவதில்லை.

மாற்று வழி எமது முற்றத்திலேயே உள்ளது. கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். மண்ணில் கோடுகள் கீறி, மறிப்போரைக் கோடுகளில் நிறுத்தி, கடப்போர் ஒவ்வொருவர் காலிலும் ஒரு பந்தைக் கொடுத்துவிடுங்கள். மறிப்பவன் தன் கோட்டை விட்டு நீங்கலாகாது, பந்தைத் தட்டிவிடலாம். அவ்வளவே விதி. இடப்புறம் போவதுபோற் காட்டி வலப்புறம் பாய்தல், நின்று மீண்டும் விரைதல், உடலால் பந்தை மறைத்தல் யாவும் கட்டளையின்றியே தோன்றும். ஒரு கட்டத்துள் யாவரும் பந்தோடு நின்று, தம் பந்தைக் காத்தவாறே பிறர் பந்தை வெளியே தட்டும் ஆட்டமும் இத்தகையதே. நல்ல பந்துகள் இல்லையெனில் பழைய பந்துகள் போதும். செருப்புகளே கோல் கம்பங்கள்.

இது பழமைமீது கொண்ட பாசத்தாற் கூறுவதன்று. ஜேர்மனியப் பயிற்றுநர் ஹோர்ஸ்ட் வைன், மூவர்க்கெதிர் மூவர், நான்கு சிறு கோல்கள் என்ற ஆட்டத்தை வகுத்தார். தாக்குவோர்க்கு இரு கோல்கள் உண்டாதலால், எது காவலின்றி உள்ளது எனப் பிள்ளை தலைநிமிர்ந்து நோக்கும். 2024-25 ஆட்டப் பருவத்திலிருந்து ஜேர்மனிய உதைபந்தாட்டச் சங்கம் பாலர் பிரிவுகளில் இத்தகைய சிற்றணி ஆட்டங்களைக் கட்டாயமாக்கியுள்ளது. நான்குமுறை உலகக் கிண்ணம் வென்ற நாடு முற்றத்து விளையாட்டுக்குத் திரும்புகின்றது. முற்றத்தை உடைய நாமோ கூம்புகளை வாங்குகின்றோம்!

"பந்தைத் தானே வைத்திருப்பவன் தன்னலக்காரனாவான், முதலில் கொடுக்கப் பழக்குக" என்பர் சிலர். ஆறு வயதுப் பிள்ளை பிறர் நிலையில் நின்று நோக்க இன்னும் கற்றிலது என்பதைப் பியாஜே போன்ற உளவியலார் எடுத்துக்காட்டினர். பந்தைத் தன் வசம் வைத்திருக்கத் தெரியாதவன் தருவது கொடையன்று, அச்சத்தால் கைவிடுதல். வைத்திருக்கக் கற்றவனே தக்க தருணத்திற் கொடுக்கவும் கற்பான்.

"ஒழுங்கு கெடும்" என்பது மற்றொரு வாதம். ஆசிரியருக்கு வசதியான அமைதியையா ஒழுங்கு என்கின்றோம்? கிளித்தட்டில் கோடு தாண்டியவனைப் பிள்ளைகளே கண்டிப்பர். அவ்வொழுங்கு விசிலுக்கு அஞ்சிப் பிறந்ததன்று.

"மணலில் தாமே கற்றனர் என்றால் ஆசிரியர் எதற்கு?" என வினவலாம். எல்லாப் பிள்ளைக்கும் இடமும் பந்தும் முறையும் கிடைக்கச் செய்வதற்கே. கடற்கரையில் வலியவன் பந்தைப் பறித்துக்கொள்வான். மைதானத்தில் அது நிகழாது காப்பதே ஆசிரியர் கடன்.

இவ்விதழைப் படிப்போரிற் பலர் நாளை வடபுலப் பாடசாலைகளுக்கு ஆசிரியராகச் செல்லவுள்ளீர். உங்களிடம் ஒன்றே கேட்கின்றோம்: முதல் நாள் மாலை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள். மண்ணில் ஒரு கோடு கீறுங்கள், பந்தைக் கொடுங்கள், சற்று விலகி நில்லுங்கள்.