ஸ்க்ரூவுக்கு மார்க் உண்டு, கனெக்டருக்கு இல்லை

மொபைல், மின்னணுப் பொருட்களுக்கான பழுதுபார்ப்புக் குறியீடு பற்றி பரத் கெரா குழு 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையிடம் அறிக்கை கொடுத்தது. அதைப் பற்றி நம் இதழ் ஏன் வாய் திறக்கவில்லை என்று வாசகர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். வரவேற்கிறோம், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. கழற்றும் எளிமை, பழுதுபார்ப்புத் தகவல், உதிரிபாகம், மென்பொருள் அப்டேட், கருவிகள், ஸ்க்ரூ வகையறா என்று ஆறு தலைப்புகளில் மார்க். பெட்டி மேல் க்யூஆர் கோடு. மார்க்கை நிறுவனமே அறிவிக்கும் என்பது உறுத்துகிறது. முதல் கட்டம் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும்தானாம். சரி, கம்ப்யூட்டர் பின்னால் வரட்டும்.

பொறுக்க முடியாதது வேறு. ஸ்க்ரூவுக்குத் தனித் தலைப்பு ஒதுக்கியவர்களின் கண்ணில் கனெக்டர் படவே இல்லை.

நம் பெஞ்சுக்கு வரும் பழைய மெஷின் எதுவும் ஸ்க்ரூவால் செத்ததில்லை. ஏடி காலத்து பி8, பி9 ஞாபகம் இருக்கும்: கறுப்போடு கறுப்பு. இடம் மாற்றிச் செருகினால் கிரவுண்ட் பின்னில் 5 வோல்ட், 5 வோல்ட் பின்னில் கிரவுண்ட். ஸ்விட்ச் போட்டதும் போர்டு காலி. ஃப்ளாப்பியின் குட்டி பவர் கனெக்டரை ஒரு பின் தள்ளிச் செருகினாலும் இதே வம்புதான். டேட்டா கேபிளைத் திருப்பிப் போட்டால் மட்டும், பாவம், லைட் அணையாமல் எரிந்து நம்மை எச்சரிக்கும். இதெல்லாம் கைப்பிழை. பழகினால் தீரும்.

பழகினாலும் தீராதது ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த டெல் டெஸ்க்டாப்புகளைத் திறந்தவர்களுக்குத் தெரியும். பார்வைக்கு அதே 20 பின் ஏடிஎக்ஸ் கனெக்டர். உள்ளே வயர் வரிசை வேறு, 3.3 வோல்ட்டைத் தனியாக ஒரு 6 பின் கனெக்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கடையில் சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினால் டக்கென்று உட்காரும். ஆன் செய்தால் போர்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ, சில நேரம் இரண்டுமோ போகும். அதற்குப் பிறகாவது திருந்தினார்களா? இன்றைய மாடுலர் சப்ளைகளைப் பாருங்கள். ஏடிஎக்ஸ் வரையறை போர்டு பக்கத்துக்குத்தான். சப்ளை பக்க சாக்கெட்டில் பிராண்டுக்கு பிராண்டு அவரவர் இஷ்டம். டிராயரில் கிடந்த இன்னொரு சப்ளையின் சாட்டா கேபிள் கச்சிதமாகப் பொருந்தும். 5 வோல்ட் லைனில் 12 வோல்ட் ஏறி ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாகக் கருகும்.

பழி நம் தலையில். "நல்லா ஓடிட்டிருந்த டிஸ்க் சார்" என்பார் கஸ்டமர். வெளியாள் கை பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு சர்வீஸ் சென்டர் ஒதுங்கிக்கொள்ளும். தப்பான கேபிள் போய் உட்காரும்படி சாக்கெட் வடித்தவனை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

பழுதுபார்ப்புத் தகவல் என்ற தலைப்பிலேயே இது அடங்கும் என்று துறை சொல்லலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமைத் தளத்தைப் பார்த்தவர்களிடம் அது எடுபடாது. கஸ்டமர் கேர் நம்பரும் வாரண்டி விதியும் கம்பெனி பக்கத்துக்கு லிங்க்கும் நமக்கு எதற்கு? பின்அவுட் எங்கே? ஐரோப்பிய ஒன்றியம் போன்களுக்கு 2024 டிசம்பர் 28, லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்து டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. நிறுவனங்கள் முனகின, பிறகு வழிக்கு வந்தன. இங்கே குழு போடுவதும் அறிக்கை வாங்குவதும் பத்திரிகைக் குறிப்பு கொடுப்பதும்தான் வேகமாக நடக்கின்றன. மல்டிமீட்டர் பிடிக்கிறவன் என்ன சொல்கிறான் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

நம் கோரிக்கை சின்னது. கம்ப்யூட்டருக்குக் குறியீடு வரும்போது கனெக்டர் ஏழாவது தலைப்பாக வேண்டும். வயர் வரிசை வேறென்றால் சாக்கெட்டின் வடிவமும் வேறாக இருக்க வேண்டும். சப்ளையின் லேபிளிலேயே பின்அவுட் அச்சாக வேண்டும். விற்பனை நின்ற மாடல்களுக்கும் அதை வெளியிட வேண்டும். உங்கள் பெஞ்சில் கருகிய கனெக்டர் இருந்தால் மாடல் எண்ணோடு படமெடுத்துத் துறைக்கு அனுப்புங்கள், நமக்கும் ஒரு பிரதி. அடுத்த இதழிலிருந்து, நீங்கள் மீட்டர் வைத்துச் சரிபார்த்து அனுப்பும் பின் வரிசைகளை மாதம் ஒரு பக்கம் அச்சிடுகிறோம்.