பிச்சாவரம் போறவங்க வீராணமும் பாருங்க

சிதம்பரம் வர்ற நண்பர்கள் நேரா பிச்சாவரம் போயி, படகேறி, சுரபுன்னை வேரோட போட்டோ எடுத்துக்கிட்டு, 'இதயக்கனி' ஷூட்டிங் எடுத்த இடம் எதுங்கன்னு படகுக்காரர்கிட்ட விசாரிச்சுட்டு ஊர் திரும்பிடறாங்க. வீராணத்தை யாரும் சீந்தறதில்லை. வந்தியத்தேவன் குதிரையில வந்த ஏரிக்கரை இதுதான்னு சொன்னா மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்றாங்க! (கல்கிக்கு நன்றி.)

ரெண்டையும் ஒரே பயணத்துல பார்க்கணும்ங்கறது என் கட்சி. ஏன்னா ரெண்டுக்கும் கொள்ளிடத்துத் தண்ணிதான். கீழணையில தடுத்த தண்ணி வடவாறு வழியா வீராணத்துக்கு வருது. நிரம்பினா 47.5 அடி. அங்கேருந்து வயலுக்குப் போகுது; 2004லேருந்து குழாய்ல சென்னைக்கும் போகுது. பிச்சாவரமோ கொள்ளிடத்துக்கும் வெள்ளாத்துக்கும் நடுவுல, கடலோரமா கிடக்கு. வெறும் உப்புத்தண்ணியில அந்தக் காடு செழிக்காது, ஆத்துத்தண்ணியும் கலக்கணும். கோடையில மேலே நிறுத்தற தண்ணி, கீழே காட்டுக்கு வராத தண்ணி. 2022ல பிச்சாவரம் ராம்சர் பட்டியல்ல சேர்ந்தப்போ எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பட்டியல் தண்ணி கொண்டுவருமா என்ன?

சென்னைக்குக் கொடுக்காதேன்னு சொல்லலை. குடிக்கிற தண்ணிக்குக் கணக்குப் பார்க்க முடியாது. பராந்தக சோழன் காலத்து ஏரியில வண்டல் சேர்ந்துக்கிட்டே இருக்கு. அதை ஒழுங்கா தூர் வாரினா வெள்ளக்காலத்துலயே கூடுதலா பிடிச்சு வெக்கலாம், கோடையில ஆத்துக்கும் கொஞ்சம் விடலாம். புதுப் படகுத்துறை, பூங்கா எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

லால்பேட்டையிலேருந்து சேத்தியாத்தோப்பு ரோடு ஏரிக்கரையை ஒட்டியே போகுது. கார்த்திகையில வாங்க, பஸ்ல ஜன்னலோர சீட்டா பிடிங்க.