கையொப்பம் வேறு, இசைவு வேறு

நெஞ்சு என்றும் அகம் என்றும் உள்ளம் என்றும் இதயம் என்றும் பல பெயரிட்டு அழைத்துப் போற்றிய மொழி நம் மொழி. அவ்விதயம் நோயுற்று மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போது அதே மொழி என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன். தமிழ்த்துறை மலரில் மாரடைப்புக்கு என்ன வேலை என்று மாணவர்கள் வியக்கலாம். வேலை இருக்கிறது, சற்றே பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன்னர், புதுவை முல்லா வீதியில் வாழும் என் தாய்மாமாவுக்கு மாரடைப்பு வந்தது. உம்மாவின் கடைசித் தம்பி. எனக்கும் அவருக்கும் எட்டு வயதுதான் இடைவெளி. அப்போது அவருக்கு வயது 52. துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதுபவர். நாள்தோறும் செய்தித்தாளைத் தலைப்பு முதல் இரங்கல் விளம்பரம் வரை விடாமல் படிப்பவர். இறையருளால் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்ப இருந்த நாளில், பல நாடுகள் கூடி நடத்தும் மருந்தாய்வு ஒன்றில் சேர விருப்பமா எனக் கேட்டுப் பதினான்கு பக்கத் தமிழ்ப் படிவம் ஒன்றை அவர் கையில் கொடுத்தனர். என்னைக் கண்டதும், "மாப்பிள்ளை, நீ தமிழ் வாத்தியார்தானே? இதில் என்ன எழுதியிருக்கு, சொல்லு" என்று நீட்டினார். அதற்குள் கையொப்பம் இட்டாகிவிட்டது.

படித்தேன். 'பங்கேற்பாளர்கள் சீரற்ற முறையில் இரு கரங்களுள் ஒன்றிற்கு ஒதுக்கப்படுவார்கள்' என்று ஒரு தொடர். எந்தக் கையில் ஊசி போடுவார்கள் என்று மாமா கேட்டார். 'சீரற்ற', 'ஒதுக்கப்படுவார்கள்' என்னும் சொற்களோ அவரைக் கவலையில் ஆழ்த்தியிருந்தன. ஊரை விட்டு ஒதுக்குதல், சாதியை விட்டு ஒதுக்குதல் என்றுதானே நம் வழக்கு! 'மருந்துப்போலி' என்று இன்னொரு சொல். ஆய்வுக்காகக் கொடுக்கப்படும், மருந்துச் சத்து இல்லாத வெற்று மாத்திரையை அது குறிக்கும். ஆனால் மாமியின் காதில் அது 'போலி மருந்து' என்றே விழுந்தது. கள்ள மருந்து கொடுக்கிறார்கள் என்று அஞ்சி, ஆய்வு மாத்திரையோடு, அடைப்பு மீண்டும் வராமலிருக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளையும் சேர்த்துப் பத்து நாள் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார்கள். பத்தாம் நாள் தற்செயலாக நான் கேட்கப்போய் அது தெரிய வந்தது. மாரடைப்புக்குப் பின்வரும் முதல் வாரங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை அறிந்தோர்க்கு என் கை நடுங்கியதன் காரணம் விளங்கும்.

இதைக் கொண்டு நான் இத்தகைய ஆய்வுகளுக்குப் பகைவன் என்று எவரும் கருதிவிட வேண்டா. அவை நமக்குத் தேவை, மிகவும் தேவை. கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டு சென்று, கனடாவின் ஹாமில்டன் நகரில் நிலைகொண்ட டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளிவந்தது. புகை, மிகு இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம் முதலிய ஒன்பது காரணிகளே உலகெங்கும் முதல் மாரடைப்பின் பெரும்பகுதிக்கு, ஆண்களிடம் 90 விழுக்காட்டுக்கும் பெண்களிடம் 94 விழுக்காட்டுக்கும், பொறுப்பு என்று அது காட்டிற்று. 'எல்லாம் பரம்பரை வாகு' என்று கைவிரித்திருந்த நமக்கு இது எத்துணைப் பெரிய செய்தி! அதே ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007-இல் தனியே வெளியிடப்பட்டது. முதல் மாரடைப்பின் சராசரி வயது பிற நாடுகளில் 58.8 என்றால் நம்மவர்க்கு 53. என் மாமா அந்தக் கணக்குக்கு ஓராண்டு முந்திக்கொண்டார்.

சோற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளிவந்த ஆய்வில் சென்னையின் டாக்டர் வி. மோகன் குழுவினர்க்குத் தலையாய பங்குண்டு. மிகுதியாக வெள்ளைச் சோறு உண்போர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்றும், அக்கூடுதல் தெற்காசியாவில்தான் மிகுதி என்றும் அது கண்டது. பிரியாணிப் பிரியர்கள் என்மேல் சினங்கொள்ள வேண்டா. நானும் அந்தக் கட்சிதான்.

எனினும் என் உள்ளம் கவர்ந்தது 2022-இல் வெளிவந்த 'இன்விக்டஸ்' ஆய்வே. சிறுவயதில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, வாதக் காய்ச்சலாக மாறி, இதயத்தின் வால்வைச் சிதைக்கும் நோய், செல்வ நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஏழையர் குடியிருப்புகளில் மறையவில்லை. அந்நோயோடு இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறினால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும். உறையாமலிருக்க நெடுங்காலமாக வார்ஃபரின் வகை மாத்திரை கொடுக்கிறார்கள். விலை குறைவு, ஆனால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். பரிசோதனை வேண்டாத ரிவரொக்சபான் என்னும் புதிய மருந்து பிற நோயாளரிடம் நன்கு பயன்பட்டிருந்ததால், இவர்களுக்கும் அதுவே மேல் என்று பலர் எண்ணியிருந்தனர். ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் 24 நாடுகளில் 4,500-க்கு மேற்பட்ட நோயாளரிடம் சோதித்தார்கள். முன்னின்றவர்களுள் ஒருவர் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் கணேசன் கார்த்திகேயன். முடிவு எதிர்பாராதது: பழைய மலிவு மாத்திரை உண்டவர்களிடையே இறப்புக் குறைவு. அந்த ஏழை நோயாளர்கள் ஆய்வுக்கு உடன்படாதிருந்தால் உலகம் இன்றும் தவறாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

ஆகவே அவர்கள் கொடுத்தது சிறிய பொருளன்று. தம் உடலையே ஐயத்தின் முன் நிறுத்திய கொடை. அக்கொடையை வாங்குவோர், கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டாமா?

எல்லைகளைக் கடந்த அறிவு எப்போதும் மொழிபெயர்ப்பின் தோளேறித்தான் வந்துள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ அறிஞர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்கும் சிரியாக்குக்கும் கொண்டுவந்தார். இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு நஃபீஸ். நம்மவர் மேடைகளில் இவ்விருவர் பெயரையும் சொல்லிப் பெருமை கொள்வதோடு நின்றுவிடுகிறோம். தமிழுக்கும் ஒருவர் இருந்தார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ஆயிரக்கணக்கான பக்கங்களில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இங்கோ 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பின்னர் ஜிப்மராக வளர்ந்தது. பிரெஞ்சு போய் ஆங்கிலம் வந்தது. கட்டிலில் கிடப்பவர் மட்டும் அன்றும் இன்றும் தமிழர்.

சட்டம் இல்லாமல் இல்லை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்தில் இசைவு பெற வேண்டும் என்று விதி உண்டு. 2019-ஆம் ஆண்டின் மருந்தாய்வு விதிகள், ஒவ்வோர் ஆய்வையும் ஆராயும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆயினும் 2009-இல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் தடுப்பூசித் திட்டம் ஒன்றுக்காக, பெற்றோர்க்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்பமிட்ட செய்தி நாடாளுமன்றக் குழு வரை சென்றது. தாள் நிரம்பியிருந்தது, இசைவு இருந்ததா?

படிவத்தைச் சரிபார்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தமிழாக்கியதை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். மூலத்தோடு ஒத்திருந்தால் சரி. 'இரு கரங்கள்' இச்சோதனையில் எளிதாகத் தேறிவிடும். சொல்லுக்குச் சொல் போனது சொல்லுக்குச் சொல் திரும்பி வரும். துணிக்கடைக் கணக்கருக்குப் புரிந்ததா என்று கேட்பதன்றோ சோதனை?

குற்றத்தை மருத்துவர் மேல் மட்டும் சுமத்துவதும் நேர்மையன்று. கலைச்சொல் ஆக்குகிறோம் என்று அறைக்குள் அமர்ந்து நாம் செய்த சொற்கள் எத்தனை! அழகிய புணர்ச்சி, பிழையற்ற இலக்கணம், ஆனால் நோயாளியிடம் ஒரு முறையேனும் சொல்லிப் பார்த்ததில்லை. வழக்குச் சொல் எல்லாம் சரி என்றும் நான் வாதிடவில்லை. 'இரத்தக் கொதிப்பு' என்னும் சொல்லையே பாருங்கள். கொதிப்பு என்றதும், சினம் தணிந்தால் அடங்கும், மோர் குடித்தால் குளிரும் என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவோர் நம் தெருக்களிலேயே உண்டு. மாறாக, 'மாரடைப்பு' எத்துணைச் சிறந்த சொல்! நோவும் இடமும் காரணமும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன.

நம் முதுகலை மாணவர்களுள் ஐவர், ஆண்டுக்கு ஒரு படிவத்தையேனும் எடுத்து, புறநோயாளர் வரிசையில் நிற்போரிடம் படித்துக் காட்டி, எவ்விடத்தில் அவர் முகம் சுருங்குகிறது என்று குறித்து வரட்டும். நெறிமுறைக் குழுவின் பொதுமனிதர் இருக்கையைத் தமிழாசிரியர்கள் கேட்டுப் பெறட்டும். ஆய்வேட்டில் உவமை எண்ணுவதற்கு இது தாழ்ந்த பணியன்று.

எளிய பணியும் அன்று. மாமாவின் படிவத்தில் இரண்டு பக்கங்களை நானே திருத்தி எழுதினேன். முதல் படியைப் படித்துவிட்டு, "அவங்க எழுதினதே பரவாயில்லை மாப்பிள்ளை" என்றார். என் புலமை மயக்கம் அன்று தெளிந்தது. மறுபடி எழுதினேன்: 'உங்களுக்கு மருந்துள்ள மாத்திரையா, மருந்தில்லாத மாத்திரையா என்பதைக் கண்ணை மூடிச் சீட்டு எடுப்பது போலக் கணினி முடிவு செய்யும். எது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வழக்கமான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.' குலுக்கல் என்று எழுதியிருந்தால் லாட்டரியா என்று முகம் சுளித்திருப்பார், அதனால் சீட்டு.

மாமா அதை இருமுறை படித்தார். "டாக்டருக்கே தெரியாதா?" என்று வியந்தார். ஒரு நாள் எண்ணிப் பார்த்தார். ஆய்வில் தொடர்வதாகச் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்: "எல்லாம் முடிஞ்ச பிறகு, எது நல்ல மாத்திரைன்னு எனக்கு வந்து சொல்லுவாங்களா?"

பதினான்கு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். அதற்கு ஒரு வரியும் இல்லை.