வியர்வை தெரியாத வெயில்



சென்ற மாதம் பனிச்சங்கேணியில் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாவிக் கரையோரம் கிடுகு வேலி போட்ட சிறிய வீடு. 2006ஆம் ஆண்டு வாகரைப் பக்கத்து மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அவர் பத்து வயதுப் பிள்ளை. தகப்பனை யுத்தத்தில் இழந்தவர. இப்போது அவருக்கே இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, ஆனி மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

"அங்கே வெயில் கடுமையாக இருக்குமே" என்றேன். தாய்தான் பதில் சொன்னார்: "நாங்க வெயில்ல காய்ஞ்ச ஆக்கள்தானே மகள். கச்சான் காத்துக்கயும் வயலுக்க நிண்டவள் இவள். அங்கத்தய வெயில் இவளுக்கு என்ன செய்யப்போகுது?"

பக்கத்து வீட்டுச் சகோதரி வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நான்கு வருடம் குவைத்தில் இருந்து வந்தவர். "இல்ல மாமி, அது வேற வெயில். இங்க வேர்க்கும். அங்க வேர்வையே தெரியாது. அதுதான் ஆளை விழுத்துற" என்றார்.

அங்கு போன இரண்டாவது மாதம், நல்ல கோடையில், உச்சி நேரத்தில் மொட்டைமாடி கழுவிக்கொண்டிருந்தபோது அவர் மயங்கி விழுந்திருக்கிறார். கண் விழித்தது வைத்தியசாலையில். அதற்கு முந்திய நாட்களில் தலையிடியும் தலைச்சுற்றும் இருந்தன. ஆனால், 'நமக்குப் பழகின வெயில்தானே' என்று தன்னையே தேற்றிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்.

நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். ஆகவே அந்த நாட்டின் நிலத்தையும் காலநிலையையும் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

குவைத் ஒரு சிறிய நாடு. அதன் பரப்பு ஏறக்குறைய 17,800 சதுர கிலோமீற்றர். நமது இலங்கை அதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரியது. நம்மூரின் பெயரிலேயே கேணி இருக்கிறது. அந்த நாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஓராண்டு மழையைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 100 முதல் 120 மில்லிமீற்றர்தான். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது நமக்கு அதைவிடக் கூடுதலான மழை ஒரே நாளில் பெய்தது. முன்பு அவர்கள் குடிதண்ணீரை ஈராக்கின் ஆற்றிலிருந்து பாய்க்கப்பல்களில் கொண்டுவந்தார்கள். 1950களிலிருந்து கடல் நீரை உப்பு நீக்கிக் குடிக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு வறட்சி? பூமியின் நடுக்கோட்டை அண்டிய பகுதிகளில் சூடான காற்று மேலே எழும்பி மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் இழந்த அந்தக் காற்று வடக்கே 30 பாகை அளவில் கீழே இறங்குகிறது. அங்கே மேகம் கூடுவது அரிது. குவைத் இருப்பது ஏறக்குறைய 29 பாகையில். நாம் இருப்பதோ 8 பாகையில்.

ஆடி மாதத்தில் குவைத்தின் பகல் வெப்பம் சாதாரணமாகவே 45 பாகை செல்சியசைத் தாண்டும். 2016 ஜூலை 21ஆம் திகதி மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை பதிவானது. உலக வானிலை அமைப்பு அதை ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருக்கிறது.

நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உடலிலேயே நின்று வழியும், சட்டை நனையும், உடனே தண்ணீர் தேடுவோம். அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை வெளியே வந்ததும் காய்ந்துவிடும். தோல் உலர்ந்திருப்பதால் 'எனக்கு வேர்க்கவில்லை' என்று நினைப்போம். ஆனால் உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சகோதரியை விழுத்தியது இதுதான். ஆவணி, புரட்டாதியில் கடல் பக்கமிருந்து காற்று வீசும்போது நிலைமை மாறும். அப்போது புழுக்கம் கூடி வியர்வை காயாது, உடம்பு ஆறாது. அதுவும் ஆபத்துத்தான்.

ஆகவே தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வேலைக்கு நடுவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. பிளேன்டீ நிறத்தில் இருந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தலையிடி, தலைச்சுற்று, தசைப்பிடிப்பு, வாந்தி வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்கு வாருங்கள். ஒருவர் பேச்சுத் தடுமாறி, உடம்பு கொதித்து, மயங்கினால் அது உயிராபத்து. உடலைத் தண்ணீரால் நனைத்துக் காற்றுப் படவிட்டு, உடனே 112க்கு அழைக்க வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் முடியும்வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை திறந்த வெளியில் தொழிலாளரிடம் வேலை வாங்கக் கூடாது என்று குவைத்தில் விதி இருக்கிறது. இது கட்டட வேலை, வீதி வேலை செய்வோரை எண்ணி வந்தது. வீட்டுப் பணியாளருக்கு 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு. நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும், கடவுச்சீட்டை எசமானர் வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனாலும் உச்சி வெயில் ஆபத்தானது என்று அந்நாட்டு அரசே ஏற்றுக்கொண்டிருப்பதை நினைவில் வையுங்கள். மாடி கழுவுவது, முற்றம் கூட்டுவது போன்றவற்றை விடியவோ பொழுது சாயவோ செய்கிறேன் என்று பணிவாகவும் தெளிவாகவும் கேளுங்கள். 'மாய்' என்றால் தண்ணீர். 'தஅபானா' என்றால் 'எனக்கு இயலாமல் இருக்கிறது'. இந்த இரண்டு சொற்களையும் போக முன்பே பாடமாக்குங்கள்.

ஆனி, ஆடியில் வடமேற்கிலிருந்து 'ஷமால்' காற்று வீசும். வானமே மங்கும் அளவுக்குத் தூசு எழும்பும். ஒருமுறை துடைத்த வீட்டைத் திரும்பத் துடைக்க வேண்டிவரும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். தொய்வு உள்ளவர்கள் மருந்தை மறக்காமல் கொண்டுபோங்கள். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்து வரும். குழந்தைகளைக் குளிப்பாட்டுமுன் கையால் பாருங்கள்.

பாலைவனம் என்றால் எப்போதும் சூடு என்றும் எண்ண வேண்டாம். மார்கழி, தை மாத இரவுகள் நுவரெலியா போலக் குளிரும். நகருக்கு வெளியே பாலைநிலத்தில் அதைவிடக் கடுமை. பெட்டியில் ஒரு சுவெற்றரும் இரண்டு சோடி காலுறையும் கட்டாயம் இருக்கட்டும்.

சவூதிக்குப் போகிறவர்கள் 'எந்த நகரம்' என்று முகவரிடம் கேளுங்கள். ஜித்தா கடலோரம், புழுக்கம். ரியாத் உள்நாடு, வறண்ட வெயில், குளிர்கால இரவுகள் குளிர். அப்ஹா 2,000 மீற்றருக்கு மேலே மலையில் இருக்கிறது. ஒரே நாடு, மூன்று காலநிலை. எந்த மாதம் பயணம் என்பதையும் கேளுங்கள். உடம்பு புது வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ச் சேர்ந்தால் கோடை வருமுன் மெல்ல மெல்லப் பழகலாம். ஆனியில் இறங்குபவருக்கு அந்த அவகாசம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே மாலை 6.30, வேலை முடிந்திராது. கோடையில் அங்கே பகல் ஏறக்குறைய 14 மணித்தியாலம். "ஏன் போன் எடுக்கல்ல?" என்று கோபிக்க முன், "தண்ணி குடிச்சியா?" என்று கேளுங்கள்.

ஒப்பந்தம், பதிவு, பயிற்சி பற்றிய சந்தேகங்களுக்கு உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நான் புறப்படும்போது பக்கத்து வீட்டுச் சகோதரி வீட்டுக்குள் போய் ஒரு பழைய சுவெற்றரைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது எனக்கு இனித் தேவைப்படாது, நீ கொண்டு போ" என்றார். தாய் அதை வாங்கி மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அந்தத் தண்ணிச் சொல்லை இன்னொருக்காச் சொல்லு புள்ள" என்றார்.

போவதா நிற்பதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. போவதென்றால் அந்த நாட்டின் வெயிலையும் குளிரையும் அறிந்துகொண்டு போங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.