மருத்துவ பீடத்துக்குத் தெரிவானவர் கற்பிக்கிறார்

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த சில வாரங்களில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியின் மதில்களில் புதிய விளம்பரங்கள் முளைத்துவிடும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஓர் இளைஞரின் படம். பெயருக்குக் கீழே 'மருத்துவ பீடம்' என்ற இரு சொற்கள். இரசாயனவியலோ உயிரியலோ கற்பிக்க இதற்கு மேல் தகுதி வேண்டியதில்லை என்று எங்கள் கரையோர ஊர்கள் முடிவு செய்துவிட்டன.

எனக்கு இதில் உடன்பாடில்லை. (நான் கலைப் பட்டதாரி. இரசாயனவியலுக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

மருத்துவ பீட அனுமதி எதை அளக்கிறது? 2001 முதல் இசட் புள்ளியே அளவுகோல். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அம்பாறை அந்தப் பதினாறில் ஒன்று. ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாத மாவட்டத்துக்கு இது சலுகையல்ல, நியாயம். ஆயினும், ஒருவர் தம் மாவட்டப் போட்டியில் எந்த இடத்தில் நின்றார் என்பதை மட்டுமே அந்தப் புள்ளி சொல்லும். கற்பிக்கத் தெரியுமா என்பதைச் சொல்லாது. நான்கு தசம தானங்கள் வரை கணக்கிடப்படும் வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் தவறியவர் விஞ்ஞான பீடத்துக்குப் போகிறார். அவருடைய படம் எந்த மதிலிலும் வருவதில்லை.

அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நீண்ட மாதங்கள் கிடக்கின்றன. வீட்டில் வாப்பாவின் உழைப்பு மட்டும்தான். வகுப்பு எடுத்தால் புத்தகச் செலவுக்காவது ஆகும். ஆனால் கடிதம் வந்ததும் அவர் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ புறப்பட்டுவிடுவார். பாடம் பாதியில் நிற்கும்.

என் மூத்த சகோதரியின் மகளுக்கு இரண்டு வருடத்தில் இரசாயனவியலுக்கு மூன்று ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் முதல் அலகிலிருந்தே தொடங்கினார்கள். இறுதி அலகுகளை எவரும் தொடவில்லை. "சேர் கம்பஸ் போயிட்டார் மாமா" என்று அவள் சொல்லும்போது, அதில் கோபத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக ஒலித்தது. எனக்குத்தான் கோபம் வந்தது.

மருத்துவ மாணவரிடம் கேட்டுப் பெறவேண்டியது வேறொன்று இருக்கிறது. பாடசாலையில் கலம், இழைமணி என்று தமிழில் படித்த பிள்ளை, மருத்துவ பீடத்தில் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறது. அந்தத் திணறலை அண்மையில் அனுபவித்தவரைவிட அதை விளக்க வேறு யாரால் முடியும்? விடுமுறையில் வரும்போது அதைச் சொல்லட்டும். மாதிரி வினாத்தாள் திருத்தட்டும். இரண்டு வருடப் பாடத்திட்டத்தை ஊரில் தங்கியிருப்பவரிடம் கொடுங்கள். பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்கவேண்டியவை இரண்டே: எதில் பட்டம் பெற்றீர்கள்? கடைசி அலகு வரை இருப்பீர்களா?

மருமகள் இப்போது இரண்டாம் முறைக்குத் தயாராகிறாள். மூன்று தடவை தோற்றியும் மருத்துவம் கிடைக்காமல் விஞ்ஞானப் பட்டதாரியான, நடுவயதைத் தாண்டிய ஒருவரிடம் படிக்கிறாள். அவரிடம் விளம்பரம் இல்லை. வகுப்பில் இருபது பிள்ளைகள்கூட இல்லை. முதல் நாள் அவர் கேட்டாராம்: "போன முறை எந்தக் கேள்வியை விட்டுட்டு வந்தீங்க?" அங்கிருந்துதான் பாடம் தொடங்கியிருக்கிறது.